இரண்டாம் எண் பொத்தான்

டிவிக்கு மேலே
சோப்புப் பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கிறது அது.
ஒன்று ஆரோக்கியத்துக்கு, இரண்டு எனக்கு,
மூன்று செலின், நான்கு சின்னவன்.
விருந்தாளிக்கும் ஒரு பொத்தான் உண்டு.
உட்காரும்போது அமுக்கணும்,
எழுந்தால் திரும்ப அமுக்கணும்.
யாரிடமும் சொல்லக்கூடாதென்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஒரு குக்கர் கொடுத்தார்கள்.
பியூலா கேட்டதற்கு
கரண்டு எகிறாமல் இருக்க வைத்தது என்றேன்.
அதே மாதிரி ஒன்று வேணுமென்று
ரிச்சி தெருவரைக்கும் அலைந்துவிட்டு வந்தாள் பாவம்.

சனி ஞாயிறு ஒன்பதரைக்குப் பாட்டுப் போட்டி.
போன வருஷம் ஒன்று விட்டதில்லை.
கொருக்குப்பேட்டை கேட்டை மூடி
கூட்ஸ் போகும் நேரம்
ஒரு சரணம் முழுசாக இரைச்சலில் போய்விடும்.
வாயசைவை வைத்தே
சுருதி சேர்ந்ததா இல்லையா சொல்லுவேன்.
ஆரோக்கியம் சிரிக்கும்.
நடுவர்கள் பெரும்பாலும் என் பக்கம்தான்.

இந்த வருஷம்
தண்ணி லாரி நேரம் மாறிவிட்டது.
ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தது,
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வரிசையில் மாட்டி
இப்போது ஒன்பதே முக்கால்.
சில நாள் பத்து.
டிரைவர் ஹாரன் அடிக்கமாட்டான்.
லாரிக் கதவில் கையால் ஒரே தட்டு,
தெரு எழுந்துகொள்ளும்.

அன்றைக்கு ஒரு தேனிப் பையன்.
பாடுவதற்கு முன்னால்
ஏழு நிமிஷம் அவன் கஷ்டத்தைக் காட்டினார்கள்.
இடுப்பில் குடத்தோடு அவன் அம்மா
மெதுவாக
மெதுவாக
நடந்து வருகிறாள், பின்னால் வயலின்.
குடத்திலிருந்து தளும்பிய சொட்டு
தரையைத் தொடுவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.
திரும்பி வந்தால்
தங்க நாற்காலியில் அந்தம்மா கண்ணைத் துடைக்கிறார்.
எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லமாட்டேன்.
அப்போதுதான் தட்டுச் சத்தம்.

இரண்டை அமுக்கினேன்.
செலின் மூன்றை அமுக்கினாள்.
ஆளுக்கு இரண்டு குடம்,
ஓடினோம்
வயலின் இல்லாமல்.

மீட்டர் பார்க்க வந்த தணிகைவேல்
செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கேட்டான்:
இன்னாக்கா, மிஷின் ரிப்பேரா?
ஒன்பதே முக்காலானா
உங்க வீட்ல ஆளே இல்லாம பூடுது.

ஆபீஸில் நாளைக்கு ரெண்டு மீட்டிங்காம்.
நடுவர்கள் ரொம்ப அழுகிறார்கள் என்கிறார் ஒருத்தர்,
போதவில்லை என்கிறார் இன்னொருத்தர்.
மேடையைச் சுற்றவைத்துப் பார்த்தார்களாம்.
சுற்றியதில் வீணைக்காரருக்குத் தலைசுற்றல்.
பசங்கெல்லாம் செல்லில் மூழ்கிவிட்டார்கள் என்று
கோடுபோட்டுப் படம் காட்டினாராம் ஒரு பெரியவர்.

உங்க ஒரு வீடு எங்க கணக்குல
இருபதாயிரம் வீடுக்கா.

தண்ணி லாரி என்றேன்.
அவன் தாளில் அதற்குக் கட்டமில்லை.
'இதர' என்பதில் டிக் போட்டு
டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் நின்றபோது
அந்த இருபதாயிரம்தான் மண்டைக்குள்.
நான் குடத்தை நகர்த்தினால்
இருபதாயிரம் குடம் நகருகிறது.
நான் பியூலாவைத் தள்ளுடி என்றால்
இருபதாயிரம் பியூலா
நீ தள்ளுடி என்கிறார்கள்.
இத்தனை பேருக்கு ஒரு லாரி எந்த மூலைக்கு?

யாரும் டிவியை அணைத்துவிட்டு வரவில்லை.
திறந்த கதவு ஒவ்வொன்றிலும்
தேனிப் பையன் காலி நாற்காலிக்குப் பாடுகிறான்.
கேபிள் வீட்டில் ஒரு குரல்,
டிஷ் வைத்த வீட்டில் அதே குரல்
இரண்டு நொடி பின்னால்,
தன்னையே துரத்திப் பிடிக்கப் பார்க்கிற மாதிரி.
நன்றாகத்தான் பாடினான்.
மேலே போகிற இடத்தில் மட்டும்
ஒரு நூல் இறங்கிவிட்டான்.

ச்சு என்றேன்.
எனக்கு முன்னால் ரெஜினாவும் ச்சு என்றாள்.
பின்னால் யாரோ, அதற்கும் பின்னால் யாரோ.
டிரைவர்கூட பீடியை எடுத்துவிட்டு
தலையை ஆட்டினான்.
டிஷ் வீட்டில் அவன் இன்னும்
அந்த இடத்துக்கு வரவில்லை,
இந்தத் தடவை பிடித்துவிடுவானோ என்று
மொத்த வரிசையும் காதைக் கொடுத்து நிற்க

குழாயைப் புடிடி குணவதி,
தண்ணி ரோட்டுல போவுது பார்.