இரண்டு விரற்கடை

வேலூர்க் கோட்டைக்குள்
பட்டாளத்துத் தையல் கொட்டடி என்னுடையது.
அகழியின் பாசி வாடை
துணிவரைக்கும் ஏறிய ஒரு மத்தியானம்
ராயசம் துளசிங்க முதலி
காகிதத்தோடு வந்தார்.
சிவப்புக் கோட்டு ஒன்று,
தோளில் பொற்சரிகை,
பதினாறு பித்தளைப் பொத்தான்.

யாருக்கு என்றேன்.
ஒரு தீவு ராஜாவுக்கு.
சென்னப்பட்டணத்தில் கப்பலேறினால்
காற்று இருந்தால் நாற்பது நாள்,
இல்லாவிட்டால் அல்லாவுக்குத்தான் தெரியும்.
காகிதத்தில் ராஜாவின் கழுத்து இருந்தது,
கைநீளம் இருந்தது,
முகம் இல்லை.
ஆளைப் பார்க்காமல் நான் கத்தரி வைத்ததில்லை.
கபன் துணிக்குக்கூட
எதிரே ஒருவர் படுத்திருக்க வேண்டும்.

வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கி
முதலி விவரம் சொன்னார்:
அந்த ராஜா இனி மனுஷரை விற்க மாட்டார்.
முத்திரை போட்டாயிற்று.
அதற்காக வருஷா வருஷம் கும்பினி தருவது
நூறு பீப்பாய் வெடிமருந்து,
இருநூறு துப்பாக்கி,
வெள்ளி கொஞ்சம்,
உன் கோட்டு.

விற்காததற்கு விலையா முதலியாரே?

அதற்குப் பெயர் உடன்படிக்கை.

துப்பாக்கி எதற்கு?

முதலி எச்சில் துப்ப வெளியே போனார்.

தைத்தேன்.
உள்மடிப்பில் துணி விட்டுத் தைத்தேன்;
ராஜாக்கள் ஒரே அளவில் நிற்பதில்லை.
மறுவருஷம் காகிதம் வந்தது:
இடுப்பில் இரண்டு விரற்கடை கூட்டவும்.
நல்ல தீனி போலிருக்கிறது என்றான்
எட்டியப்பன்.

இஸ்திரிக்குக் கரி கொண்டுவருகிறவன்.
சேர்க்காட்டுப் பக்கம்.
பாலாறு மூன்று வருஷமாய் வெறும் மணல்,
வயலில் வேலையில்லை என்று
ஆண்டை அவனைக் கரி விற்க விட்டிருந்தார்,
காசு ஆண்டைக்கு.
அந்த நிலம் கைமாறியபோது எழுதிய பத்திரத்தை
முதலியே ஒருநாள் படித்துக் காட்டியிருக்கிறார்:
நன்செய் மூன்று காணி,
கிணறு ஒன்று,
புளியமரம் இரண்டு,
படியாள் எட்டியப்பன் வகையறா ஐந்து.
எனக்கு எழுத்துத் தெரியாது.
ஆனால் கோடு தெரியும், தையல் மாதிரி.
ராஜாவின் காகிதத்திலும் அந்தப் பத்திரத்திலும்
ளகரத்தின் வால்
ஒரே கையில்தான் வளைந்திருந்தது.

மூன்றாம் வருஷம்
கடைவீதிச் சாவடியில் ஒரு மேஸ்திரி
மோரீசுக்கு ஆள் சேர்த்தான்.
எட்டியப்பன் ராவோடு ராவாக வந்து பேர் கொடுத்தான்.
காலையில் கரி இல்லாமல் என் முன் நின்றான்.

அங்க கரும்பு வெட்ட ஆளில்லயாம் சாயபு.
இருந்தவங்கள விட்டுட்டாங்களாம்.

யாரை?

அடிமைங்களயாம்.

சொல்லிவிட்டுச் சிரித்தான்.
கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.
அஞ்சு வருஷம், காகிதம் இருக்கு,
நான் கீறல் போட்டேன் என்றான்.
எழுதினவர் யார் என்று நான் கேட்கவில்லை.

வைத்தியன் அவனை நிற்கவைத்து
நூல் பிடித்து அளந்தானாம்.
மார்பு முப்பத்தொன்று அங்குலம்.
பல் எண்ணினானாம்.
அந்த அளவை வாங்கிக்கொண்டேன்,
ஏன் என்று தெரியாது.
அதற்கு நான் எதுவும் தைக்கவில்லை.

மூன்றாவது கோட்டும் அவனும்
ஒரே வண்டியில்தான் போனார்கள்.
கோட்டு, சூடம் போட்ட தேக்குப் பெட்டியில்.
அதன்மேல் உட்காரக்கூடாது என்று
சிப்பாய் சொல்லிவிட்டான்.
எட்டியப்பன் வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி நடந்தான்,
ஆற்காடு போகும் பாதையில்
புழுதி அவன் இடுப்புவரை.

கூப்பிட்டுச் சொன்னேன்:
ராஜாவைப் பார்த்தால்
கடைசிப் பொத்தான் எட்டுதா பாரு.

வேற தீவு சாயபு, என்றான் திரும்பாமல்.

நாலாம் வருஷக் காகிதம் இன்று வந்தது.
இடுப்பில் இன்னும் இரண்டு விரற்கடை.
வெட்டி முடித்துவிட்டேன்.
மடிப்பை அழுத்த எடுத்தால்
இஸ்திரி ஆறிக் கிடக்கிறது.