கழித்தல் மழை

விடிகாலை மூன்றரை, பாயான் லெப்பாஸ்.
ஆயர் ஈத்தாம் விழும் கட்டத்தில்
மழை: கழித்தல் 0.004 மில்லிமீட்டர்.

பெய்ததைத் திருப்பிக் கேட்கிறதா வானம்?
ஹஸ்லினா கொட்டாவியோடு சொல்கிறாள்:
"பூஜ்யமாக்கிவிடு, யாருக்குத் தெரியும்."

ஆக்கலாம். ஒரே வரி.
ஆனால் கழித்தலை அழித்தால்
கூட்டலில் அந்த அளவு நீர் ஏறிவிடும்.
காலத்தின் ஒவ்வோர் அடியிலும் இப்படிச் செய்தால்
பத்தாம் நாள்
எந்தக் கடலும் ஆவியாக்காத ஒரு குளம்
அந்தமான் பக்கம் மிதந்துகொண்டிருக்கும்.

அதனால் பக்கத்துக் கட்டத்தில் கடன் வாங்குகிறேன்.
பட்டர்வொர்த் கொடுக்கிறது,
அடகுச் சீட்டு கேட்காமல்.

இந்தக் கணக்கில் தீவு மொத்தமே இரண்டு கட்டம்.
கொடிமலையைச் சராசரி தட்டித் தட்டி
தொண்ணூறு மீட்டர் மேடாக்கிவிட்டது.
மலை குனிந்ததற்குப் பக்கத்தில்
கடல் மூன்று மீட்டர் பள்ளமாய்க் கிடக்கிறது.
இதுவரை எந்தப் படகும் அதில் விழவில்லை.

ஐந்து மணிக்குப் போன். ஆப்பக்கடை சௌந்தரம்.
"மேசைய வெளிய போடலாமா? ஒரே வார்த்தையில சொல்லு."
என் கட்டத்துக்குள்
அவள் கடை ஒரு புள்ளிகூட இல்லை.
"போடுங்க" என்றேன்.

ஏழரைக்கு வேலை முடிந்து போனால்
சாலையின் இந்தப் பக்கம் கொட்டி ஓய்ந்திருக்கிறது,
அந்தப் பக்கம் காய்ந்த தார்.
நான்கு மேசையில் இரண்டு நனைந்திருந்தன.
சௌந்தரம் துணியைப் பிழிந்தபடி
என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஈர நாற்காலியில் உட்கார்ந்து
இரண்டு ஆப்பம் சொன்னேன்.