ஒன்பதாம் இலக்கம்

ஒரு நாளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாவும்
மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சலும்.
வேலை: வருத்தக்காரியாய்ப் படுத்திருப்பது.

மாங்குளம் ஆஸ்பத்திரியின் பின்கட்டிடம்.
மேசைகளை ஒதுக்கித் திரை கட்டிய ஆறு அறைகளில்
மூன்றாவது என்னுடையது.
சிஸ்டர் புனிதமலர் தந்த தாளை
இரவிரவாகப் பாடமாக்கியிருந்தேன்:
பெயர் கமலேஸ்வரி. வயது நாற்பத்திரண்டு.
காய்ச்சல் நாலு நாள். கெண்டைக்காலில் உளைவு.
வயலில் புல்லுப் பிடுங்கினது
கேட்டால் மட்டும் சொல்லவும்.
முன்பு சத்திரசிகிச்சை: இல்லை.
அழ வேண்டாம்.

கடைசி வரியின் கீழே சிவப்புக் கோடு.
போன முறை ஒருத்தி அழுதாளாம்,
பிள்ளைகள் படித்ததை மறந்து
தண்ணீர் எடுக்க ஓடினார்களாம்.

மணி அடிக்க ஒருவர் வருவார்,
மணி அடிக்க அவர் போவார்.
எட்டு நிமிடத்துக்கு ஒரு காய்ச்சல்.
இன்றைக்கு எனக்குப் பதினாலு காய்ச்சல்.

முதலாம் இலக்கம் சுவரோடு கதைத்தது.
இரண்டாம் இலக்கம் அம்மா என்றது, பிறகு அக்கா,
பிறகு ஒன்றுமேயில்லை.
நாலாம் இலக்கத்தின் விரல் நடுங்கியது.
எண்ணியது என் நாடியையோ தன் நாடியையோ.
ஆறாம் இலக்கம் ஒருவன்தான்
"எந்தக் குளத்துத் தண்ணி பாயிற வயல்?" என்றான்.
தாளில் அதற்குப் பதில் இல்லை.
"வவுனிக்குளம்" என்றேன், கைக்காசு போட்டு.
மூலையில் சிஸ்டரின் பேனை ஒரு கணம் நிமிர்ந்தது.

எல்லாரும் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள்.
மூச்சை இழுங்கோ. விடுங்கோ.
வலது தோள்பட்டைக்குக் கீழே
ஒரு வெற்றிலை அகலத்துக்குத்
தோல் பிசகித் தைபட்ட இடம்.
எட்டுப் பேரின் குளிர்ந்த வட்டமும்
அதைச் சுற்றிப் போனது,
றோட்டில் கிடங்கை விலத்தும் மோட்டார்சைக்கிள் மாதிரி.
சத்திரசிகிச்சை ஏதும்?
இல்லை.
சரி.

ஒன்பதாம் இலக்கம் அவசரமாய் வந்தாள்.
பேசின் பக்கம் போகவேயில்லை,
நேரே வந்து கையைப் பிடித்தாள்.
சிஸ்டரின் பேனை குனிந்தது.
காய்ச்சலைக் கேட்டாள், காலைக் கேட்டாள், வயலைக் கேட்டாள்.
பிறகு முதுகில் அந்த வட்டம் நின்றது.
எடுத்துவிட்டு விரலை வைத்தாள்.
"இல்லையெண்டு சொன்னீங்கள்."
குற்றம் பிடிக்கிற குரல் இல்லை,
கூட்டல் பிழைத்தவள் திரும்பக் கூட்டுகிற குரல்.
"உள்ளுக்கு இன்னும் ஏதும் இருக்கோ?"

தாளை மனசுக்குள் புரட்டினேன்.
கமலேஸ்வரிக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
எக்ஸ்ரேயில் ஒரு கொத்தமல்லி அளவு.
யாருடைய வாயால் சொல்வதென்று
யோசிக்கிறதுக்குள் மணி அடித்தது.

பின்னேரம் சிஸ்டர் வந்து கட்டில் விளிம்பில் இருந்தா.
அவவின் தாளில் இருபத்தைந்து கட்டங்கள்,
முதுகுக்கு ஒன்றும் இல்லை.
கை கழுவுதலுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்:
அது பிழைத்தால் எல்லாம் பிழை.
"உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு" என்றா.
இவரிடம் திரும்பவும் மருந்தெடுக்க வருவீர்களா?
ஆம். இல்லை.

பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.
துண்டு பட்டதில் நான் சாகப் பார்க்கவில்லை,
பிறகு வைத்த சீழில்தான்.
கட்டுப்போட்ட கை நல்ல கை,
அவசரக் கை, கழுவாத கை.
அவரை நான் குறை சொல்லமாட்டேன்,
அங்கே தண்ணீர் இருக்கவில்லை.
இங்கே பைப்பைத் திறந்தால் வருகிறது.

"பெயில் போடுங்கோ" என்றேன்.
பிறகு என் தாளில்
ஆம் என்பதற்கு நேரே புள்ளடி போட்டேன்.
சிஸ்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா.

மறுபரீட்சை கார்த்திகையில்.
அப்போது நெஞ்சுவலியாம், பெயரும் வேறையாம்.
முதுகு மட்டும் இதுதான்.
வாறன் என்றேன்.
மழைக்கு றோட்டு முறியும்,
பஸ் காசைத் தனியாகத் தருவீங்களோ
என்றும் கேட்டேன்.