இரண்டாம் ஆட்டம் விட்டபின்

"செத்தது யாரு, அத மட்டும் சொல்லு"
என்றான் அடைக்கலம்.
தேவகோட்டை ரஸ்தா, மணி ஒன்றரை.

உப்பு டப்பா ஒரு வித்தைக்காரன்.
மிளகுத்தூள் அவன் எதிரி.
தட்டுக்கடியில் உப்பை மறைத்தேன்:
"பெட்டிக்குள்ள போனது இது.
வெளிய வந்தது வேற உப்பு."
"அப்ப பொண்டாட்டி எந்த உப்புக்கு அழுதா?"
அந்த நேரம் நான்
பப்ஸ் வாங்கப் போயிருந்தேன்.

இந்தக் கடை சாத்தையாவும்
பக்கத்துக் கடை சேவுகனும்
முகம் பார்த்துப் பன்னிரண்டு வருஷம்.
யார் சால்னா ஒசத்தி என்பதில்
ஊரே இரண்டு கட்சி.

கை கழுவப் பின்னால் போனேன்.
ஒரே அடுப்பு. ஒரே அண்டா.
இரண்டு வாளியில் மொண்டுகொண்டிருந்த பையன்
என்னைப் பார்த்து
உதட்டில் விரல் வைத்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
"என்ன இருந்தாலும்
பக்கத்துக் கடைச் சால்னா தண்ணிதான்"
என்றான் அடைக்கலம்.

"ஆமா" என்றேன்.