மூன்று புள்ளிகள்

சிசிமியுத்தில் பிப்ரவரி.
துறைமுகக் கொட்டகையில் ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து
பதினோரு போன்களை மேஜையில் பரப்பியிருக்கிறேன்.
எல்லாம் இரவல்.
ஒன்றின் கண்ணாடி நொறுங்கி, டேப்பால் நிற்கிறது.
ஒன்றின் ஓரத்தில் ஹாலிபட் செதில், காய்ந்து.
துறைமுக அலுவலகத்தின் டேப்லெட் மட்டும்
சாப்பாட்டுத் தட்டு அகலம்,
அதைக் கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தந்தார்.

கடல்நிலை சொல்லும் செயலி, நான் வரைந்தது.
காற்று, அலை, பனிக்கட்டி, நிறம் நிறமாய் ஒரு வரைபடம்.
யாரும் அதைப் பார்ப்பதில்லை.
மேலே ஒரு வரி இருக்கிறது:
கிளம்பலாமா, கூடாதா.
அதற்குத்தான் திறக்கிறார்கள்,
இருட்டில், ஒரு கையில் பெட்ரோல் கேனோடு.

கோபன்ஹேகனில் வரைந்தபோது என் திரை
இருபத்தேழு அங்குலம்.
அந்த வரிக்கு ஒரு பெட்டி போட்டேன்,
முந்நூற்றிருபது பிக்சல், மூலைகள் மழுங்க.
டேனிஷ் சொற்களை இட்டுப் பார்த்தேன்.
குட்டையானவை, சமர்த்தாக உட்கார்ந்தன.
மிஞ்சினால் விழுங்கிவிட்டு மூன்று புள்ளி வை
என்று சொன்னவளும் நானே.
பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

என் தாய்மொழி எனக்கு மறந்தா போயிற்று?
எங்களுக்கு ஒரு சொல்லே ஒரு வாக்கியம்.
கிளம்புவது தலையில்,
முடிவது இடுப்பில்,
முடியாது என்றால் அது வாலுக்குப் பக்கத்தில்,
யாருக்கு என்பது வால்நுனியில்.

ஆல்லர்சின்னாவுதித்: நீ கிளம்பலாம்.
ஆல்லர்சின்னாங்ஙிலாதித்: நீ கிளம்ப முடியாது.

ஈனோக் பெர்தெல்சனின் போன்
அவர் மகள் தூக்கிப்போட்டது, உள்ளங்கைக்குள் அடங்கும்.
கண் மங்கியதால் எழுத்தை உச்ச அளவுக்கு ஏற்றியிருந்தார்.
அன்று விடியுமுன் அவர் படித்தது

ஆல்லர்சின்னா…

கிளம்பினார்.

மறுநாள் இந்தக் கொட்டகைக்கு வந்தார்.
உதடு வெடித்திருந்தது.
போனை என் முன் வைத்தார், மெதுவாக,
சூடான பாத்திரத்தை வைப்பதுபோல.
"நீ வைத்த மூன்று புள்ளி மேல்
பதினாறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.
விசிறி உடைந்து,
ஃபியோர்டின் வாயில், பனிக்கட்டிகளுக்கு நடுவே.
திட்டவில்லை. காபி இருக்கிறதா என்று கேட்டார்.

அகலத்தை அழித்தேன்.
புள்ளிகளை அழித்தேன்.
நீளாத இடத்தில் சொல் கீழே இறங்கட்டும்,
வரைபடம் நகர்ந்து வழி விடட்டும்.
எங்கே உடைந்தாலும்
முடியாது என்னும் அந்த ங்ஙி
முடிவதோடு ஒட்டியே இருக்க வேண்டும்:

ஆல்லர்-
சின்னாங்ஙி-
லாதித்

வீடியோவில் டோர்பென் முகம் சுளித்தான்.
டேப்லெட்டில் ஒரே வரியாய்ப் படுத்திருப்பது
இதில் மூன்று மாடி ஏறி நிற்கிறதே,
ஒரே செயலி மாதிரி இல்லையே என்றான்.
இங்கே நாய்களுக்குச் சேணம் தைப்பவர்கள்
நாயை அளந்துதான் தைக்கிறார்கள் என்றேன்.
இணைப்பு விட்டுவிட்டு வந்தது.
கேட்டானோ என்னவோ.

பொத்தான்களையும் பெருக்க வேண்டியிருந்தது.
கையுறையைக் கழற்ற யாருக்கும் மனமில்லை.
விரல்நுனிக்கு நான் வரைந்ததை
மூக்குநுனியால் அழுத்துகிறார்கள்.
அதனால் பதினோரு போன்களையும்
நானும் மூக்கால் அழுத்திப் பார்த்தேன்.
கண்ணாடியில் வட்டம் வட்டமாக எண்ணெய்.
ஜன்னலுக்கு வெளியே இரண்டு பையன்கள்
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வியாழன், காற்று மாறியது.
ஈனோக் படகருகே நின்று படித்தார்.
முதல் வரி. இரண்டாம் வரி.
மடிப்பில் கண் ஒரு கணம் தயங்கியது, இறங்கியது.
ஒன்றும் சொல்லவில்லை.
கேனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்.

போன்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.
ஐஸ் கிடங்கில் வேலை செய்யும் நவாரானா
கதவைத் தோளால் தள்ளி உள்ளே வந்தாள்.
சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை நீட்டினாள்.
புதுக் கைக்கடிகாரம்,
தபால்தலை அளவில் ஒரு வெளிச்சம்.
"இதில் வருமா?"

பெட்டியில் வைத்த ஸ்கேலை
மறுபடி வெளியே எடுத்தேன்.