முப்பது பாகை

பாலையோ முதிரையோ வாங்கக் காசில்லை.
இது வேம்பு.
மாங்குளத்து மரக்காலையில் நேசராசா
பாதி விலைக்குத் தந்தார்:
“வாள் ரெண்டு தரம் பல்லுடைஞ்ச மரம், தங்கச்சி.
கதிரைக்கும் உதவாது, கட்டிலுக்கும் உதவாது.
படத்துக்கெண்டால் கொண்டு போ.”

உளியை முப்பது பாகையில் பிடிக்கிறேன்.
ஓவியம் படித்த இடத்தில் சொல்லித் தந்ததல்ல.
நாலு வருடம்
முகத்துக்கு முன் தகடும்
முழங்காலுக்குக் கீழே சிவந்த மண்ணுமாக
ஒரு குளத்தின் அலைகரையை
விரற்கடை விரற்கடையாகக் குத்திப் பார்த்த கை.
நிமிர்த்திக் குத்தினால் தலையில் படும்.
சரித்துக் குத்தினால் விலாவில் முட்டும்.
விலாவில் முட்டினால் பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்.

ஒருநாள் முட்டியது இரும்பல்ல.
தூரிகையால் கூட்டக் கூட்ட
ஒரு விளிம்பு, ஒரு வளைவு,
உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு,
வயிற்றில் மூன்று கீறல்.
மீன்முள்ளோ ஏணியோ
வனைந்தவளின் பெயரோ.
புஸ்பவதனி எட்டிப் பார்த்தாள்:
“ஒரு கறிச்சட்டிக்கே இவ்வளவு நேரமும்
மூச்சடக்கிக் கொண்டிருந்தனீ?”
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
‘வேறு’ என்ற இடத்தில் எழுதினேன்:
ஓடு, ஒன்று.

பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள்.
நாங்கள் தடி பிடுங்கிய துளைகளிலேயே
முளை அடித்து நூல் கட்டினார்கள்.
அதே சதுரம். அதே குந்தல்.
வெடி அபாயப் பலகை நின்ற இடத்தில்
மூன்று மொழியிலும் இன்னொரு பலகை.
மாடுகள் இரண்டையும் வாசிக்கவில்லை.

எடுத்தது வெள்ளை. விட்டது கறுப்பு.
துருசு இடப்பக்கம் விழ வேண்டுமென்றால்
வலப்பக்கம் வெட்ட வேண்டும்.
மூன்று கீறலை மட்டும்
எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியவில்லை.
வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக்
கண்ணாடியில் என்ன, நேரில் என்ன.
தண்ணீர் இருக்கும் இடத்தில் நான் உளியே வைக்கவில்லை;
வேம்பின் வரி போதும்.

கட்டுக்கு மேலே, வெறும் வானத்தில்,
உளி முட்டியது.
கை தானாக நின்றது.
ஆட்களை விலத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
அறையில் பூனை மட்டும்.

நாலு பக்கமும் சுரண்டினேன்.
பயறளவு எறிகணைச் சிதறல்.
அதைத் தொடாமல்
வரிகள் வளைந்து போயிருந்தன,
பள்ளிக்கூடப் பிள்ளைகள்
வெள்ளக் கிடங்கைச் சுற்றிப் போவதைப் போல.

பிடுங்கவில்லை.
மை உருட்டித் தாளை விரித்து
சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன்.
முதல் தாளில் கறுப்புப் புள்ளி.
நாலாவதில் மரம் தேய்ந்து
இரும்பு புடைத்தது.
ஒன்பதாவதில் தாள் பொத்துப் போனது.

அந்த ஒன்பதாவதைத்தான் நேசராசா கேட்டு வாங்கினார்.
மரக்காலையில், பல்லுடைந்த வாளுக்குப் பக்கத்தில்
ஆணியில் கிடக்கிறது.
மரம் எடுக்க வருகிறவர்கள்
பொத்தலில் விரல் வைத்து
“இது சந்திரனோ?” என்கிறார்களாம்.
“ஓம், சந்திரன்தான்”
என்று சொல்லிவிட்டு அவர்
கன அடிக் கணக்கைத்
திரும்ப முதலிலிருந்து போடுகிறாராம்.