நடுத்தரம்

‘நடுத்தரம்’ என்கிறது கையேடு.
யாருடைய காலை அளந்து எழுதினார்களாம்
என்று கேட்கிறாள் ஒத்வோர்,
மீன் ஆலையின் ரப்பர் பூட்ஸை இன்னும் கழற்றாமல்.

மேசைமேல் வரைபடம்.
அது சுருளாமலிருக்க மூலைக்கொரு பாரம்:
உப்பு ஜாடி, காப்பிக் குவளை,
ஹெர்கேரின் கண்ணாடி, வேகவைத்த ஓர் உருளைக்கிழங்கு.
உயரக் கோடுகள் கிழக்கே
சோம்பலாய் விலகிப் படுத்திருக்கின்றன.
மேற்கே வந்ததும்
அடி வாங்கப்போகும் பிள்ளைகள்போல்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.
“இங்கே தீர்ந்துபோகும் உங்கள் நடுத்தரம்”
என்று விரல் வைத்தான் ஹெர்கேர்.
விரலில் வெண்ணெய்.
இப்போது அந்த மலைக்கு
யாரும் அளக்காத ஓர் ஏரி உண்டு.

சனிக்கிழமை. ஆலை விடுமுறை.
போகும் படகு ஒன்பது இருபதுக்கு,
திரும்பும் படகு ஐந்து ஐந்துக்கு.
அதை விட்டால் செவ்வாய்க்கிழமைதான்.
அந்தத் தீவில் குடியிருப்பவர்கள் பதினொரு பேர்.
அதில் இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.
யார் வீட்டில் படுத்தாலும்
மற்ற வீட்டில் விளக்கு அணையாது.
ஆகவே படகை விடக்கூடாது.

மேய்ச்சல் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டேன்.
“நாய் வேண்டாம். வேலிக்கதவைச் சாத்து.”
மூடுபனி வந்தால்?
“உட்கார்.”
எவ்வளவு நேரம்?
“அது எழுந்து போகும்வரை.”
வைத்துவிட்டார்.

ஏற மூன்று மணி, இறங்க இரண்டரை.
ஒத்வோர் புகைக்க, நான் அவளைத் திட்ட
அரைமணி.
ஒன்றரைக்கு எங்கே நிற்கிறோமோ
அங்கிருந்து திரும்பல்.
கால்தான் எங்களுடையது,
கடிகாரம் படகுக்காரனுடையது.

ஹெர்கேரின் முழங்கால்
போன பிப்ரவரியில் கப்பல் தளத்தில் திரும்பியது,
அவன் திரும்பாத பக்கமாக.
அவன் வரப்போவதில்லை என்று
மூவருக்கும் தெரியும்.
ஆனாலும் ரொட்டித் துண்டுகளை அவன்
ஆறாய் எண்ணி வைத்தான்,
ஆளுக்கு இரண்டு.
யாரும் திருத்தவில்லை.

பிறகு, கத்தியைத் துடைத்துக்கொண்டே,
“மேலிருந்து நம் வீடு தெரியுமா?” என்றான்.

அடிக்கோலை வைத்துப் பார்த்தேன்.
நீரிணைக்கு இந்தப் பக்கம் ஆறு கிலோமீட்டர்.
எண்பது வீட்டில் ஒரு வீடு,
எல்லாமே கறுப்புச் சுவர், புல் கூரை.
தொலைநோக்கி இருந்தாலும்
எந்தப் புள்ளி நாம் என்று எப்படிச் சொல்வது?
“துணிக்கொடியில் அந்தச் சிவப்பு விரிப்பைப் போடுகிறேன்.”
காற்று பிடுங்கிக்கொண்டு போகும்.
“நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
ஒன்றிலிருந்து ஒன்றரை வரை.”

அங்கேதான் திட்டம் உடைந்தது.
கோடுகளை மறுபடி படித்ததில் தெரிந்தது:
உச்சியிலிருந்து நம் ஊர் தெரியாது.
இடையில் ஒரு திமில் மறைக்கும்.
தெரிவது கிழக்குத் தோளிலிருந்து மட்டும்,
வெண்ணெய் ஏரிக்கு வெகு முன்னால்,
கையேடு ஒரு வரிகூட எழுதாத
வெறும் புல்மேட்டிலிருந்து.

“துணி பார்க்கவா மலை ஏறுகிறோம்?”
ஒத்வோருக்கு உச்சி வேண்டும்.
பன்னிரண்டு வருடமாக
ஆலை ஜன்னலில் அவள் பார்க்கும் உச்சி அது,
காட் மீனின் தலையை அறுக்கும்போதெல்லாம்
நேர் எதிரே.
அவள் கேட்பதும் நியாயம்தான்.

ஹெர்கேர் ஒன்றும் சொல்லவில்லை.
உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றான்.
வரைபடத்தின் அந்த மூலை
மெல்லச் சுருண்டு எழுந்தது.

குளிர்பெட்டிக் கதவில் இப்படி எழுதி ஒட்டினேன்:
ஒரு மணி, தோள். விரிப்பு.
பிறகு ஒத்வோர் போகலாம், ஒன்றரை வரை,
அரைமணியில் போகமுடிகிற உயரம்.
நான் ரொட்டியோடு காத்திருப்பேன்.
அவள் அதன்மேல் ஒரு கோடு கிழித்தாள்.
பெயரை மட்டும் அடிக்காமல் விட்டாள்.

வெள்ளி இரவு வானிலை:
தென்மேற்குக் காற்று, தூறல் இருக்கலாம்,
மேகத்தின் அடி நானூறு மீட்டரில்.
தோள் முந்நூற்றுத் தொண்ணூறு.

பத்து மீட்டர்.

உச்சியைப் பற்றி இனி யாரும் பேசவில்லை.
ஒத்வோர் மழைக்கோட்டின் ஜிப்பை
மேலும் கீழும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
ஹெர்கேர் பின்வாசலில் துணிக் கவ்விகளை எண்ணுகிறான்.
பதினான்கு.
போதாது என்கிறான்.